முதல் வருசத்துக் கார்ஃபீல்டும் இப்போதைய கார்ஃபீல்டும் ஒரே பூனையா? பேப்பர்ச் சித்திரக்கதைகளில் கோடு மாறுவது ஏன்

#1 துறைமுகத்தான்

வணக்கம். திருகோணமலையில் சித்திரக்கதை சேர்க்கிற நாலைந்து பேர் சேர்ந்து சின்னதாக ஒரு காட்சி வைக்கிறோம். ஒரே பாத்திரத்தின் முதல் வருசப் படமும் பத்து, இருபது வருசம் கழித்து வந்த படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கீழே "ஏன் மாறியது" என்று இரண்டு வரி.

அந்த இரண்டு வரிதான் இடிக்கிறது. "கை தேறிவிட்டது", "ஆளுக்கு அலுத்துவிட்டது" இரண்டையும் விட்டால் யாரிடமும் பதில் இல்லை. 1978 ஜூன் 19 இல் தொடங்கிய அமெரிக்கப் பூனைச் சித்திரக்கதை கார்ஃபீல்டைப் பாருங்கள். தொங்கிய கன்னம், சின்னக் கண், நிலத்தில் இழுபடுகிற வயிறு. ஐந்தாறு வருசத்தில் கண் முட்டை போலப் பெருத்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, பூனை இரண்டு காலில் நிற்கிறது. இதைத் தேர்ச்சி என்பதா, வேறு ஏதாவதா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நிப்பும் மையும்

கார்ஃபீல்டைக் கடைசியாகப் பார்ப்போம், அது சுத்தமான உதாரணம் இல்லை. முதலில் பீனட்ஸ், சார்லி பிரவுன் என்ற பையனும் ஸ்னூப்பி என்ற அவன் நாயும் வருகிற சித்திரக்கதை. 1950 ஒக்டோபர் 2 முதல் 2000 பெப்ரவரி 13 வரை சார்ள்ஸ் ஷுல்ஸ் உதவியாளர் வைக்காமல் தானே கீறியது. மொத்தம் 17,897 படங்கள். வேறு கை கலக்காததால் மாற்றம் எல்லாம் அந்த ஒரு கையின் மாற்றம்தான்.

ஞாயிறைக் கழித்தால் வருசத்துக்கு 313 நாள்படம். ஒரு படத்தில் நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு தலை என்று வைத்தாலே ஒரே முகத்தை வருசத்தில் ஆயிரத்துக்கு மேல் கீற வேண்டும். அந்தளவு கீறும்போது கை தனக்குச் சுகமான பாதையைக் கண்டுபிடித்துவிடும். ஆறு கோட்டில் கீறிய காது மூன்று கோட்டுக்கு வரும், பிறகு பேனையை எடுக்காமலே ஒரு கோட்டுக்கு வரும். கையெழுத்து எப்படித் தேய்ந்து உருவாகிறதோ அப்படித்தான். முதல் வருசத்து ஸ்னூப்பி நாலு காலில் நடக்கிற நாய்க்குட்டி. ஐம்பதுகளின் நடுவில் மூக்கும் கழுத்தும் நீள்கின்றன. இரண்டு காலில் நடக்கத் தொடங்கிய பிறகு உடம்பு குறுகி, தலை பெருத்து, மூக்கு உருண்டு, இன்று எல்லாருக்கும் தெரிந்த உருவம் வருகிறது. சார்லி பிரவுனின் சட்டையில் வளைந்து வளைந்து போகிற கோடுகூட முதல் நாளில் இல்லை. 1950 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. வெற்றுச் சட்டைப் படம் கிடைத்தால் காட்சிக்கு எடுத்து வையுங்கள், அதைப் பார்ப்பவர் தானாக நிற்பார்.

#3 சோளகம்

இவ்வளவு சாட்டுத் தேவையே? நாள்தோறும் கீறவேணும், பஞ்சி வந்திட்டுது, கோட்டைக் குறைச்சுப் போட்டினம். அவ்வளவுதான். பழைய ஃபிளாஷ் கோர்டன் விண்வெளிக் கதை மாதிரி இப்ப எந்தப் பேப்பரில ஒரு படம் வருது, காட்டுங்கோ பாப்பம்.

#4 நிப்பும் மையும்

அண்ணா, பஞ்சிக்கும் சிக்கனத்துக்கும் தடயம் வேறு. பஞ்சி பிடித்தால் முதலில் பின்னணி போகும், பிறகு எல்லாரும் நெஞ்சுக்கு மேலேதான் தெரிவார்கள், கைகள் கட்டத்துக்கு வெளியே ஒளிந்துகொள்ளும். பிறகு மூன்று கட்டத்திலும் ஒரே தலை, வாய் மட்டும் மாறும். சிக்கனத்தில் கோடு குறையும், ஆனால் நிலை மாறிக்கொண்டே இருக்கும். கோடு குறைந்ததால்தான் ஓடவும் விழவும் முடிகிறது.

ஷுல்ஸின் நாய்க்கூட்டைப் பாருங்கள். ஆரம்பத்தில் வாசல் தெரிகிற மாதிரி முன்பக்கமாகவும் வரும். 1958 கடைசியில் ஸ்னூப்பி கூரையில் ஏறிப் படுத்த பிறகு பக்கவாட்டுத் தோற்றம் மட்டும்தான் நிலைத்தது. முன்பக்கமாகக் கீறினால் கூரை முகட்டில் கிடக்கிற நாய் வெறும் தலையும் இரண்டு பாதமுமாகத்தான் தெரியும். ஒரு பகிடி வேலை செய்ததால் ஒரு கோணம் நிரந்தரமாகிவிட்டது. அதைப் பஞ்சி என்று எப்படிச் சொல்வது?

பில் வொட்டர்சன் கீறிய, ஒரு பையனும் அவன் புலியும் வருகிற கெல்வின் அன்ட் ஹொப்ஸில் புலியின் உள்ளங்கையில் ஆரம்பத்தில் மெத்தைத் திட்டுகள் இருந்தன. கண் அங்கே போகிறது என்று வொட்டர்சன் கொஞ்ச காலத்திலேயே நீக்கிவிட்டார். கோடு குறைந்தது, புலி தெளிவானது.

#5 அச்சுக்கூடம்

கையைப் பற்றியே பேசுகிறீர்கள். தாளையும் பாருங்கோ. சோளகம் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கு.

ஃபிளாஷ் கோர்டன் 1934 ஜனவரி 7 இல் தொடங்கியது ஞாயிற்றுப் பக்கமாக. அந்தக் காலத்து ஞாயிற்றுப் பக்கத்தின் அளவுக்கும் இன்றைய நாள்பட்டைக்கும் (நாள்தோறும் ஒரு வரிசைக் கட்டமாக வருகிற படம்) பேச்சே இல்லை. இரண்டாம் உலகப்போரில் அச்சுத்தாள் தட்டுப்பாடு வந்ததோடு பட்டைகள் சுருங்கத் தொடங்கின, பிறகு பழைய அளவுக்குத் திரும்பவேயில்லை. பீனட்ஸ் விற்கப்பட்டதே இடம் குறைந்த பட்டை என்றுதான். நாலு கட்டமும் ஒரே அளவு, பத்திரிகைக்காரர் அதைக் குறுக்கே போடலாம், நெடுக்கே போடலாம், சதுரமாக அடுக்கலாம். 1988 வரை ஷுல்ஸ் அந்த அளவோடுதான் கிடந்தார். பிறகு மூன்று கட்டம், ஒரே நீளக் கட்டம் என்று வந்ததும் படத்தின் சமநிலையே மாறிவிட்டது. வொட்டர்சன் 1992 இல் ஞாயிற்றுப் படத்தைப் பிரிக்கக்கூடாத அரைப்பக்கமாக வாங்கிக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் வந்த ஞாயிற்றுப் படங்களைப் பக்கத்தில் வையுங்கள், கை அதேதான், இடம் வேறு.

இனி மை. அச்சுத்தாள் மையை உறிஞ்சும். ஐஎஸ்ஓ 12647-3 என்ற தரநிலை பத்திரிகை அச்சுக்குச் சொல்கிற புள்ளிப் பெருக்கம் (மை பரவி அச்சுப்புள்ளி வீங்குவது) நடுத்தொனியில் 26%. அதாவது 50% சாம்பல் போட்டால் தாளில் முக்கால்வாசி கறுப்பாக நிற்கும். நெருக்கமாகப் போட்ட குறுக்குக்கோடு அடைத்து ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். படத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சுக்கட்டை செய்த காலத்தில் எதிர்ப் பிரச்சினை: அமிலம் மெல்லிய கோட்டின் அடியை அரித்துவிட, கோடு அறுந்து அறுந்து விழும். ஆகவே மெல்லிய கோடு ஒரு காலத்தில் காணாமல் போனது, மற்றக் காலத்தில் வீங்கியது. கீறுகிறவன் இரண்டு தரம் தன் படத்தைப் பேப்பரில் பார்த்தால் போதும், மூன்றாம் தரம் கோட்டை மாற்றிவிடுவான்.

இன்னொன்று. விநியோக நிறுவனங்கள் படத்தைக் காகிதக்கூழ் அச்சாகத்தான் (ஈயம் வார்த்து அச்சுத்தகடு எடுக்கிற வார்ப்பு) பத்திரிகைகளுக்கு அனுப்பின. அது காயும்போது சுருங்கும். அகலத்தில் சுருங்கின அளவுக்கு ஆட்கள் மெலிந்து உயர்ந்து தெரிவார்கள். அந்தக் காலப் பேப்பர் நறுக்கை வைத்து "இந்த வருசம் முகம் ஒடுங்கிவிட்டது" என்று எழுதமுன், கட்டத்தின் அகல உயரத்தை அடிமட்டத்தால் அளந்து முந்தின வருசத்தோடு ஒப்பிடுங்கோ.

#6 பழைய பேப்பர்

மூன்றாவது காரணம்: ஆளே மாறுவது. நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வேதாளர் (ஃபாண்டம்) இதற்குப் பொருத்தம். 1936 பெப்ரவரி 17 இல் தொடங்கியது, கதை லீ ஃபோக். படம் முதலில் ரே மூர்: இருட்டு, நிழல், இறகு போல் உதிர்கிற தூரிகைக்கோடு. பிறகு வில்சன் மெக்கோய்: தடித்த கோடு, பொம்மை மாதிரி விறைத்த ஆட்கள், பின்னணி சொற்பம். 1961 இல் அவர் இறந்தார். அந்த வருசமே சை பெரி வந்து 1994 வரை இருந்தார்: திரண்ட தசை, துப்புரவான கோடு, காடு காடாகத் தெரியும். இந்தியாவின் இந்திரஜால் காமிக்ஸ் 1964 இல் மெக்கோய் கதையோடு தொடங்கியதால் இங்கே பலருக்கு "பழைய வேதாளர்" என்றால் மெக்கோய், "நல்ல வேதாளர்" என்றால் சை பெரி. ரே மூரைப் பார்த்தவர் குறைவு. அதனால்தான் வேதாளர் வர வர நன்றாக வந்தார் என்று ஒரு கதை ஓடுகிறது. மூன்றையும் வைத்தால் அந்தக் கதை உடையும்.

மந்திரவாதி மாண்ட்ரேக்கும் அப்படித்தான். 1934 முதல் ஃபில் டேவிஸ், 1965 முதல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ். வழுவழுப்பான கோடு போய் பேனை கீறுகிற கோடு வந்தது.

மாடஸ்டி பிளேஸ் என்ற சாகசப் பெண்ணின் கதை இன்னும் விசேஷம். 1963 இல் ஜிம் ஹோல்டவே தொடங்கினார். 1970 இல் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார், என்ரிக் ரொமெரோ இடையில் ஏற்றார். ஒரே கதைக்குள் மாடஸ்டியின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். ரொமெரோ 1978 இல் விலகி, வேறு மூன்று பேர் கீறி, 1986 இல் அவரே திரும்பி வந்தார். 1984 முதல் தமிழில் லயன் காமிக்ஸில் வாசித்தவர்கள் "ஒரு மாதம் ஒரு மாதிரி, மறுமாதம் வேற மாதிரி" என்பார்கள். தமிழில் வந்த வரிசையை மூலத்தின் வரிசை என்று எடுத்துக்கொண்டால் வருகிற குழப்பம் அது.

இதையும் சொல்லிவிடுகிறேன்: மறுபதிப்பை வைத்துக் கோட்டைத் தீர்மானிக்காதீர்கள். பட்டையாக வந்ததைப் பாக்கெட் அளவுப் புத்தகமாக்கும்போது கட்டங்களைப் பிரித்து அடுக்குவார்கள். இடம் மிஞ்சினால் கறுப்பை நீட்டுவார்கள், மிஞ்சாவிட்டால் காலை வெட்டுவார்கள். "மெக்கோய் ஆட்களின் பாதத்தைக் கீறவே மாட்டார்" என்று எழுத முன்னம் வெட்டியது யார் என்று பாருங்கள்.

#7 சோளகம்

சரி, ஆள் மாறினதும் தாள் சுருங்கினதும் விளங்குது. அப்ப ஷுல்ஸின்ர கடைசிக் காலப் படம்? கோடு முழுக்க நடுங்குது. அதையும் தாளில போடப் போறியளோ?

#8 நிப்பும் மையும்

இல்லை, அது உடம்பு. 1981 இல் இதய அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு கை நடுக்கம் கூடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நடுக்கம் எல்லாக் கோட்டிலும் ஒரே அளவில் இல்லை. நிலக்கோடு, சுவர், கதிரை விளிம்பு மாதிரி நீளமாக, மெதுவாக இழுக்கிற கோட்டில்தான் அலை தெரியும். புல்லு, மயிர், மழை மாதிரி விசுக்கென்று போடுகிற கோட்டில் குறைவு. காட்சிக்கு இந்த இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கிற படமாகத் தேடுங்கள். அவர் பாவித்தது எஸ்டர்புரூக் 914 நிப். அந்தக் கொம்பனி மூடப்பட்டபோது மிச்ச நிப்புகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். எனவே நிப் மாறியதால் கோடு மாறியது என்று அவர் விடயத்தில் எழுதவேண்டாம்.

இப்போது கார்ஃபீல்ட். அது எங்கள் பட்டியலில் நாலாவது காரணம், வியாபாரம். கார்ஃபீல்டைப் படைத்த ஜிம் டேவிஸ் 1981 இல் போஸ் என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு அந்தப் பூனை குவளையிலும் பொம்மையிலும் தொலைக்காட்சியிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டி வந்தது. பல கை கீறினாலும் ஒரு கை மாதிரித் தெரிய வேண்டும். அதற்கு மாதிரித்தாள் (பாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் அளவோடு கீறிய தாள்) வேண்டும். மாதிரித்தாள் வந்தால் உருவம் உறைந்துவிடும். எண்பதுகளின் நடுவுக்குப் பிறகு கார்ஃபீல்ட் மாறியது மிகக் கொஞ்சம். முதல் ஐந்தாறு வருசத்தில் ஓடிய ஓட்டத்தோடு ஒப்பிட்டால் அதற்குப் பிந்திய முப்பது வருசம் நடையே இல்லை. உங்கள் கேள்வி "ஏன் மாறியது" என்று மட்டும் இருக்கிறது. "ஏன் மாறாமல் நின்றது" என்று ஒரு பலகையும் போடுங்கள். 1930 இல் தொடங்கிய புளொண்டி என்ற குடும்பக் கதையையும் அதில் வைக்கலாம். தகப்பனுக்குப் பிறகு மகன், இடையில் எத்தனையோ உதவிக் கை, புளொண்டியின் புருஷன் டாக்வுட்டின் தலையில் அந்த இரண்டு மயிர் மட்டும் அப்படியே நிற்கிறது.

#9 மான்குட்டி

எல்லாருக்கும் நன்றி, இது எனக்கு வேறு விதத்தில் தேவை. உள்ளூர் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு நாலு கட்டப் பட்டை கீறுகிறேன். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் திரிகிற புள்ளிமான்தான் பாத்திரம். அச்சில் அகலம் 16 செ.மீ., உயரம் 5 செ.மீ., கறுப்பு வெள்ளை. முதல் மூன்று படத்திலேயே மான் மூன்று மாதிரி வந்திருக்கிறது. புள்ளிகள் அச்சில் அடைத்துவிடுகின்றன. தமிழ் எழுத்து கட்டத்தில் பாதியைத் தின்கிறது. எங்கே பிழை?

#10 அச்சுக்கூடம்

தங்கச்சி, கணக்கைப் போடுவம். ஒரு கட்டம் 4 செ.மீ. அகலம், 5 உயரம். மேலே 2 செ.மீ. பேச்சுக்குப் போனால் மானுக்கு மிஞ்சுவது 3. அதில் கொம்பு, காது, புள்ளி எல்லாம் வேணும்.

மூலப்படத்தை இரண்டு மடங்கில், 32 க்கு 10 செ.மீ. இல் கீறுங்கோ. மூன்று மடங்கு வேண்டாம், பெரிசாகக் கீறினால் நுணுக்கம் போடக் கை துடிக்கும், அச்சில் எல்லாம் சேறு. மூலத்தில் 0.3 மி.மீ. க்குக் குறைந்த கோடு போடவேண்டாம். இரண்டு கோட்டுக்கு இடையில் 1 மி.மீ. வெள்ளையாவது விடுங்கோ.

புள்ளி: மானின் புள்ளி வெள்ளை. உடம்புக்குச் சாம்பல் பூசிப் புள்ளியை வெள்ளையாக விட்டால் மை பெருகி வெள்ளையைத் தின்னும். சின்ன வட்டமாகக் கீறினால் வட்டம் அடைக்கும். உடம்பை வெள்ளையாகவே விட்டு, முதுகில் மட்டும் மூன்று திறந்த பிறைக்கோடு போடுங்கோ, மூலத்தில் ஒவ்வொன்றும் 3 மி.மீ. திறந்த வளைவு அடைக்காது, கண் அதைப் புள்ளியாகத்தான் வாசிக்கும்.

எழுத்து: தமிழில் ி, ீ மேலே வளையும், ு, ூ கீழே இறங்கும். ஆங்கிலப் பட்டையின் வரி இடைவெளியை அப்படியே எடுத்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் கொம்பும் முட்டும். அச்சில் எழுத்தின் உடல் 2 மி.மீ. நிற்கவேண்டும், அதாவது மூலத்தில் 4. வரிக்கு வரி மூலத்தில் 8. முதலில் அடைப்பது ண, ஞ, ழு இவற்றின் சுழிகள். அந்த எழுத்துகளைக் கொஞ்சம் அகலமாக எழுதுங்கோ. 4 செ.மீ. கட்டத்துக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வைக்காதீங்கோ. பேச்சைக் குறைத்தால்தான் மான் நிமிரும்.

#11 நிப்பும் மையும்

மூன்று படத்தில் மூன்று மாதிரி வருவதற்கு மருந்து மாதிரித்தாள்தான், ஆனால் அதைப் படம் தொடங்க முன் செய்யவேண்டாம். கை இன்னும் மானைக் கண்டுபிடிக்கவில்லை. முதலில் ஒரு கொப்பியில் ஒரே மானை ஐம்பது தரம் கீறுங்கள், அழிறப்பர் இல்லாமல், நேரே பேனையால். நாற்பதுக்குப் பிறகு வருகிற மானைப் பாருங்கள். முதல் பத்தில் கவனமாகக் கீறிய குளம்பும் முழங்காலும் அங்கே இருக்காது, நீங்கள் நினைக்காத ஏதோ ஒன்று, கழுத்தின் வளைவோ காதின் சரிவோ, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வந்திருக்கும். அதுதான் உங்கள் மான். அதை வைத்து மாதிரித்தாள் செய்யுங்கள்: முன், பக்கம், முக்கால், பின். உயரம் எத்தனை தலை என்று கோடு போட்டுக் குறியுங்கள்.

கொம்பில் கவனம். வளர்ந்த புள்ளிமானுக்கு ஒரு கொம்பில் மூன்று முனை. ஆறு முனையையும் எல்லாக் கோணத்திலும் சரியாகக் கீறப் பார்த்தால் வருசம் முடிய முன் அலுத்துவிடும். பக்கத் தோற்றத்தில் ஒரு கொம்பை முழுதாகவும் மற்றதை அதற்குப் பின்னால் ஒற்றைக் கோடாகவும் வையுங்கள். அல்லது பெண்மானை எடுங்கள், கொம்பே இல்லை. (இது பகிடி இல்லை. தொடர்பட்டைக்குப் பாத்திரத்தைத் தெரிவுசெய்யும்போது கோடு எண்ணிப் பார்ப்பது புத்தி.)

ஒவ்வொரு பன்னிரண்டாம் படத்தையும் முதல் படத்தின் மேல் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தலை பெருத்திருந்தால் விடுங்கள், அது எல்லாருக்கும் நடக்கும், முகபாவம் தலையில் இருப்பதால் கை அதற்கு இடம் கேட்கும். கண்கள் விலகியிருந்தால் திருத்துங்கள், ஆளே மாறிவிடும்.

#12 துறைமுகத்தான்

எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. இரண்டு நடைமுறைக் கேள்வி. எந்தப் படங்களைத் தெரிவுசெய்வது? பழைய நறுக்குகளை எப்படி வைப்பது? மண்டபம் கடற்கரைப் பக்கம், மாதம் கார்த்திகை.

#13 பழைய பேப்பர்

தெரிவு: ஒரு வருசத்துக்கு ஒரு படம் என்று எடுக்காதீர்கள், அந்தக் கிழமை உதவியாளர் கீறியிருக்கலாம். வருசத்துக்குப் பத்துக் கட்டம், பாத்திரம் முழு உடம்போடு நிற்பவை மட்டும். உயரத்தைத் தலையால் வகுத்து எழுதுங்கள். கண் அகலத்தை முக அகலத்தால் வகுத்து எழுதுங்கள். கட்டத்தில் எத்தனை சொல் என்றும் எண்ணுங்கள். நாள்படத்தையும் ஞாயிற்றுப் படத்தையும் கலக்கவேண்டாம். இந்த மூன்று எண்ணும் எந்த வருசத்தில் குதிக்கிறதோ அங்கே போய்க் காரணம் தேடுங்கள். சொல் எண்ணிக்கையும் உருவமும் சேர்ந்து குதித்தால் பெரும்பாலும் இடம் சுருங்கியிருக்கும். உருவம் மட்டும் ஒரே நாளில் குதித்தால் ஆள் மாறியிருக்கும். மெல்ல மெல்ல நகர்ந்தால் அது கை.

திகதி இல்லாத தமிழ் நறுக்கு என்றால் எழுத்தைப் பாருங்கள். தும்பிக்கை போட்ட ணை, லை, னை, பழைய ணா, றா இருந்தால் தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவாகச் சொல்லமுடியாது, கையால் எழுதியவர்கள் பழைய உருவை விடாமல் வைத்திருந்தார்கள். இலங்கைப் பேப்பருக்கு அந்த ஆண்டை அப்படியே பொருத்தவும் கூடாது. நம்மவர் படமும் ஒன்று இருக்கட்டும்: சிரித்திரன் சுந்தரின் சவாரித் தம்பர். பழைய இதழ்கள் நூலகம் தளத்தில் பார்க்கக் கிடைக்கும். கன்னித்தீவை வைக்காவிட்டால் வருகிறவர்கள் கேட்பார்கள், அதையும் யோசியுங்கள்.

பாதுகாப்பு: மூலத்தைக் காட்சிக்கு வைக்கவே வேண்டாம். அச்சுத்தாளில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் வெயில் பட்டால் சில நாளிலேயே மஞ்சளாகும், கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வேறு. 600 டீபீஐ இல், சாம்பல் தொனியில் ஸ்கான் செய்யுங்கள். கறுப்பு வெள்ளை முறையில் எடுத்தால் மெல்லிய கோடு அங்கேயே அறுந்துவிடும், பிறகு அதை ஓவியரின் கணக்கில் எழுதுவீர்கள். நறுக்கின் பின்னால் கறுப்பு மட்டை வையுங்கள், மறுபக்கத்து எழுத்து தெரியாது. எல்லாப் பாத்திரத்தின் தலையையும் ஒரே அளவுக்குப் பெருக்கி அச்சடிக்காதீர்கள், ஒரு கட்டத்தையாவது பேப்பரில் வந்த அசல் அளவில் பக்கத்தில் ஒட்டுங்கள். செலோடேப் ஒட்டவேண்டாம், லெமினேட் செய்யவேண்டாம். பொலியெஸ்டர் உறை, ஒரு பக்கம் திறந்தபடி. முழுதாக மூடினால் ஈரம் உள்ளே நிற்கும்.

#14 சோளகம்

கார்ஃபீல்ட் பலகைக்கு நான் எழுதித் தாறன்: "1978: பூனை. 1984: பூனையும் குவளையும். பிறகு: குவளையில இருக்கிற மாதிரியே பூனை." எப்படி?

#15 துறைமுகத்தான்

போடுகிறோம் அண்ணா. மூன்றாவது வரியில் "பிறகு" என்ற சொல்லுக்குப் பதிலாக வருசம் ஒன்று வேண்டும், படத்தோடு பொருந்துகிற மாதிரி. பத்துக் கட்டம் அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

#16 மான்குட்டி

பிறைக்கோடு போட்டுப் பார்த்தேன், மூலத்தில் 3 மி.மீ., ஃபோட்டோக் கொப்பியில் பாதியாகக் குறைத்து. மூன்றும் திறந்தே நிற்கின்றன. "ழு" மட்டும் இன்னும் அடைக்கிறது.

#17 அச்சுக்கூடம்

"ழு" வுக்கு நிப்பை மாற்றாதீங்கோ. சுழியை மூடாமல் ஒரு மயிரளவு திறந்து விடுங்கோ. மை தானே மூடும்.